அப்பாவுக்கு 58 வயதில் புராஸ்டேட் புற்றுநோய். 43 வயதாகும் எனக்கும் வருமா? மரபணுச் சோதனை எடுக்கலாமா?

வந்தே தீரும் என்றெல்லாம் இல்லை. ஆனால் அப்பாவுக்கு இருந்தால் மகனுக்கு ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு. அண்ணன் தம்பிக்கு இருந்தால் இன்னும் சற்றுக் கூடுதல். எண்பதில் வந்திருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். 58 என்பதால் கேட்க வேண்டிய கேள்விதான்.

எங்கள் கடலூரில் யாருக்குப் புற்றுநோய் என்றாலும் முதலில் சிப்காட் ரசாயன ஆலைகளைத்தான் கைகாட்டுவோம். அந்தக் கோபம் சும்மா வந்ததில்லை. ஆனால் இந்த நோய்க்கு வீட்டுக்குள்ளும் பார்க்க வேண்டும். ஸ்வீடன், டென்மார்க் போன்ற நார்டிக் நாடுகளின் இரட்டையர்களை வைத்து 2016-ல் வெளியான ஆய்வு, யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை என்ற வேறுபாட்டில் சுமார் 57 சதவீதத்துக்குப் பரம்பரை காரணம் என்று கணக்கிட்டது. புற்றுநோய்களில் பரம்பரையின் பங்கு மிக அதிகமானவற்றில் இதுவும் ஒன்று.

பரம்பரை என்றால் ஒற்றை மரபணு இல்லை. நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன மாறுபாடுகள் இருக்கின்றன (2023 கணக்குப்படி 451). தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் ஆபத்தைத் துளிதான் கூட்டும். இவற்றைக் கூட்டி மதிப்பெண் போட்டுத் தரும் சோதனைகள் விற்பனைக்கு வந்துவிட்டன. அவற்றின் அடிப்படைத் தரவில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. நம் ஆட்கள் அதற்கு இப்போது காசு கொட்ட வேண்டாம் என்பேன்.

கவனிக்க வேண்டியது அரிதான, ஆனால் கனமான மாறுபாடுகளை. முதலில் பிஆர்சிஏ2. டிஎன்ஏ சேதத்தைப் பழுதுபார்க்கும் மரபணு இது. இதில் கோளாறு உள்ள ஆண்களைத் தொடர்ந்து கவனித்த பிரிட்டன், அயர்லாந்து ஆய்வொன்றில் 75 வயதுக்குள் சுமார் 27 சதவீதம் பேருக்குப் புராஸ்டேட் புற்றுநோய் வரும் என்று மதிப்பிட்டார்கள். வந்தால் சற்று முரட்டுத்தனமாகவே வரும். ஏடிஎம், செக்2 என்று இன்னும் சில மரபணுக்களும் உண்டு.

பிஆர்சிஏ2 கோளாறு அம்மா வழியாகவும் வரும், பெண்களுக்கு மார்பகத்திலும் சினைப்பையிலும் புற்றுநோயாகக் காட்டும். ஆண்கள் நோய்தானே என்று தாத்தா, பெரியப்பாவை மட்டும் விசாரித்துவிட்டு நிறுத்தினால் பாதிக் குடும்பம் விட்டுப்போகும்.

என் அப்பாவுக்கு ஜிப்மரில் பார்த்தபோது டாக்டர் ஒரு தாளில் குடும்ப மரம் வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்தில் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு. எங்கள் வீட்டுத் தாளில் இரட்டைக் கோடு மூன்று இடத்தில். “கூடப் பொறந்தவங்க யாருக்காவது கேன்சர் இருந்துச்சா ஐயா?” “இல்லீங்க சார். அக்கா ஒருத்தங்க வயித்துல கட்டி வந்து தவறிட்டாங்க.” “என்ன கட்டி?” அப்பாவுக்குத் தெரியவில்லை. பண்ருட்டியில் இருக்கும் அத்தை மகனுக்குப் போன் போட்டேன். ரேஷன் கார்டு வைக்கும் டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடிப் படம் எடுத்து அனுப்பினான். சினைப்பைப் புற்றுநோய். வெறும் வட்டமாக இருந்த அத்தையை டாக்டர் பேனாவால் கறுப்பாக நிரப்பினார்.

அதன் பிறகுதான் சோதனை. முதலில் நோயுள்ளவருக்கு, அதாவது அப்பாவுக்கு. அவரிடம் என்ன கோளாறு என்று தெரிந்தால் பிள்ளைகளுக்கு அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும், செலவும் குறையும். நேரே உங்களுக்கு எடுத்து ‘ஒன்றுமில்லை’ என்று வந்தால் அதற்கு முழு அர்த்தம் கிடையாது. சில சமயம் ‘மாறுபாடு இருக்கிறது, கெடுதலா என்று சொல்ல முடியாது’ என்று ரிப்போர்ட் வரும். அதை வைத்து யாரும் முடிவெடுக்கக் கூடாது. இன்னொன்று, நோய் முற்றிய நிலையில் பிஆர்சிஏ கோளாறு இருந்தால் ஒலாபரிப் போன்ற மாத்திரைகளுக்கு வழி திறக்கும். எனவே சோதனையால் முதல் லாபம் அப்பாவுக்கே.

அப்பாவுக்கு பிஆர்சிஏ2 என்று வந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் சரிபாதி வாய்ப்பு. எனக்கு இல்லை, நெல்லிக்குப்பத்தில் இருக்கும் தங்கைக்கு இருந்தது. புராஸ்டேட்டில் தொடங்கிய பேச்சு அவளுடைய மார்பக எம்ஆர்ஐயில் போய் நின்றது. மாமியார் வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் அவளுக்குப் பெரிய கவலையாக இருந்தது. மாப்பிள்ளை நல்ல மனுஷன், கூடவே வந்தார். அவள் பிள்ளைகளுக்கு 18 வயதுக்கு முன் இந்தச் சோதனை தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

உங்களுக்கு இப்போது: அம்மா வழி, அப்பா வழி இரண்டிலும் பெண்களின் நோயையும் விசாரித்து எழுதிக்கொண்டு சிறுநீரியல் மருத்துவரையோ (யூராலஜிஸ்ட்) புற்றுநோய் மருத்துவரையோ பாருங்கள். புராஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதத்தை அளக்கும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையை எப்போது தொடங்கலாம் என்று கேளுங்கள். பிஆர்சிஏ2 இருப்பவர்களுக்குப் பொதுவாக 40-லேயே தொடங்கச் சொல்வார்கள். சிறுநீர்த் தொற்று இருக்கும்போது எடுக்காதீர்கள், அளவு ஏறிக் காட்டும். முடி கொட்டுகிறது என்று ஃபினாஸ்டரைடு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அது பிஎஸ்ஏ அளவை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக் காட்டும்.