முதல் மாநாடு, போலாமா வேணாமா?

கேள்வி: அக்கா, நான் தென்காசி பக்கம் ஒரு ஆர்ட்ஸ் காலேஜ்ல லைப்ரரியன். அக்சஷன் ரிஜிஸ்டர்ல (புத்தக வரவு நோட்டு) இருந்த புத்தகங்களையெல்லாம் கோஹாங்கிற லைப்ரரி சாஃப்ட்வேருக்கு மாத்துனத பத்தி எழுதின பேப்பர் சென்னை மாநாட்டுக்கு செலக்ட் ஆயிருக்கு. எனக்கு இங்கிலீஷ் சரளமா வராது, அங்க யாரையும் தெரியாது. பணத்த கட்டி சர்டிபிகேட் மட்டும் வாங்கிக்கலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: அட, போம்மா! சர்டிபிகேட் வீட்டுக்கே அனுப்புற கூட்டமும் இருக்கு, அவங்களுக்கு உன் பணம் போதும், உன் பேப்பர யாரும் பிரிச்சுகூட பாக்க மாட்டாங்க.

முதல்ல பிரின்சிபால்கிட்ட ஓடி ஆன் டூட்டி ஆர்டர எழுத்துல வாங்கிடு, வாய்வார்த்தைய நம்பி போயிட்டு வந்து லீவ் கழிஞ்சு நின்னவ நான்.

பேப்பருக்கு வருவோம். பத்து நிமிஷம்தான் தருவாங்க, அதுல நாலு நிமிஷம் நம்ம லைப்ரரி துறை முன்னோடி ரங்கநாதனோட அஞ்சு நூலக விதிய சொல்லி தீத்துடாத, உனக்கு முன்னாடி பேசுன மூணு பேரும் அதத்தான் சொல்லிருப்பாங்க. எத்தன பர்சன்ட் மாணவர்கள் திருப்தின்னு கலர் கலரா சார்ட்டும் வேணாம். டேட்டா ஏத்தும்போது மு. வரதராசன், வரதராசன் மு., மு.வ.ன்னு ஒரே ஆளு மூணு ஆளா வந்து நின்னிருப்பாரே, அத நீ எப்படி சரி பண்ணின, எத்தன ராத்திரி போச்சு, அத ஸ்கிரீன்ஷாட்டோட காட்டு. ஹால்ல பாதி பேருக்கு அதே தலவலிதான், போனத் தூக்கி போட்டோ எடுப்பாங்க பாரு. இங்கிலீஷ்ல ஆரம்பி, சிக்குனா தமிழ்ல சொல்லு, சென்னைதானே, யாரும் அடிக்க மாட்டாங்க. ஸ்லைட பிடிஎஃப்பாவும் ஒரு காப்பி வச்சுக்கோ, என் முதல் மாநாட்டுல அவங்க கம்ப்யூட்டர்ல போட்டதும் என் தமிழெல்லாம் கட்டம் கட்டமா ஆயிடுச்சு, நான் மேடைல முழிச்சுக்கிட்டு நின்னேன்.

யாரையும் தெரியாதுன்னு சொன்னல்ல, ரங்கநாதனே கணக்கு வாத்தியாரா இருந்து 1924ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி லைப்ரரிக்கு வந்தவரு, வந்த கொஞ்ச நாள்லயே போரடிக்குதுன்னு திரும்பிப் போக பாத்தவரு. அப்புறம் லண்டனுக்கு படிக்க போனாரு, அங்க லைப்ரரி லைப்ரரியா சுத்துனாரு. புத்தகங்கள வகை பிரிக்க அவரு உருவாக்குன கோலன் கிளாசிஃபிகேஷனுக்கு பொறி தட்டுனது ஒரு கடைல, துண்டு துண்டா மாட்டி செய்யுற மெக்கானோ பொம்ம செட்ட பாத்தப்போ, கிளாஸ்ல இல்ல. நீயும் ஹால்லயே உக்காந்திருக்காத, டீ பிரேக்ல சமோசாவோட தனியா நிக்கிற ஆளா பாத்து "உங்க காலேஜ்ல கோஹா எந்த வெர்ஷன்?"னு கேளு. பேச்சு அதுவா ஓடும். எனக்கு சர்வர் படுத்தா இன்னிக்கும் போன் எடுக்குறவங்க அப்படி டீ குடிச்சப்போ பழக்கமானவங்கதான்.

ரெண்டாவது நாள் மதியம் எப்படியும் பாதி ஹால் காலியாயிடும், நீயும் நைசா கிளம்பி கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல போட்டித்தேர்வு பசங்க எப்படி உக்காந்திருக்காங்கன்னு பாரு. ரிட்டர்ன் டிக்கெட்ட மட்டும் இப்பவே போட்டுடு, பொதிகைல கடைசி நேரத்துல பெர்த் கிடைக்காது.