மருந்து அடித்த சட்டையை நீங்கள் துவைக்க வேண்டாம்

கேள்வி: எனக்கு இது ஐந்தாம் மாதம். இரண்டு ஏக்கரில் பருத்தி போட்டிருக்கிறோம். கணவர் மருந்து அடிக்கும்போது தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவதும், மாலையில் அவருடைய துணிகளைத் துவைப்பதும் நான்தான். "நாங்களெல்லாம் மருந்து அடித்த காட்டில் களை வெட்டித்தான் பிள்ளை பெற்றோம்" என்கிறார் அத்தை. குழந்தைக்குப் பாதிப்பு வருமா?
- வாசகி, பெரம்பலூர் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி,

உங்கள் அத்தை சொல்வது பொய்யில்லை. அப்படி வேலை செய்த பலருக்கும் பிள்ளைகள் நல்லபடியாகவே பிறந்திருக்கின்றன. ஆனால் இந்தப் பாதிப்பு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் குறையாக வருவதில்லை. எடை சற்றுக் குறைந்தோ, நாள் சற்று முந்தியோ குழந்தை பிறந்தால், அதை யாரும் பூச்சிமருந்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

பருத்திக்கு அடிக்கும் புரபனோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்றவை பூச்சியின் நரம்பைத் தாக்கும் அதே வழியில் மனித நரம்பையும் தாக்குபவை. இவ்வகை மருந்துகள் நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவை எட்டக்கூடியவை. அவற்றை முறித்து வெளியேற்ற உதவும் நொதியோ பச்சிளங்குழந்தையின் உடலில் மிகக் குறைவு. கலிபோர்னியாவின் சாலினாஸ் பள்ளத்தாக்கில் 1999-2000இல் கருவுற்றிருந்த பெண்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். கர்ப்ப காலத்தில் சிறுநீரில் இவ்வகை மருந்துகளின் எச்சம் மிக அதிகமாக இருந்த தாய்மாரின் பிள்ளைகள், மிகக் குறைவாக இருந்தவர்களின் பிள்ளைகளைவிட, ஏழு வயதில் நுண்ணறிவுத் தேர்வில் சராசரியாக 7 புள்ளிகள் பின்தங்கியிருந்தார்கள்.

இதைப் படித்துக் கலங்கிவிடாதீர்கள். நியூயார்க்கில், வீடுகளுக்குள் பூச்சிகளைக் கொல்லக் குளோர்பைரிபாஸ் பயன்பட்ட நாள்களில், தொப்புள்கொடி இரத்தத்தில் அது கூடுதலாக இருந்த குழந்தைகள் எடையும் நீளமும் குறைந்து பிறந்தன. வீட்டு உபயோகம் கைவிடப்பட்டு, 2001 ஜனவரிக்குப் பிறகு பிறந்த குழந்தைகளிடம் அந்தத் தொடர்பு காணப்படவில்லை. உடம்பில் மருந்து படுவது குறைந்தால் பலன் உண்டு என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆகவே அந்தச் சட்டையைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். முதுகில் மாட்டும் டேங்க் மூடியோரத்தில் கசிந்து, சட்டையின் முதுகும் தோளும் ஊறிப்போயிருக்கும். அதைக் கல்லில் போட்டுக் கசக்கும்போது உங்கள் கைகள் முழங்கை வரை அந்த நீரில் நனைகின்றன. மூக்கு வழியாக மட்டுமன்று, தோல் வழியாகவும் மருந்து உடலுக்குள் போகும். இனி அவரே கையுறை அணிந்து, தனி வாளியில் சோப்புப் போட்டு அலசி, வெயிலில் காய வைக்கட்டும். தண்ணீர் ஊற்றும் வேலையையும் விட்டுவிடுங்கள். மருந்து அடித்த காட்டுக்குள் களையெடுக்கவோ பஞ்செடுக்கவோ இந்த மாதங்களில் இறங்காதீர்கள்.

அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது மருந்துப் புட்டியின் பெயரை எழுதிக்கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். தலைவலி, வாந்தி, கண் மங்கல், வாயில் எச்சில் ஊறுதல் எது வந்தாலும் உடனே 108ஐ அழையுங்கள்.

பிரசவத்துக்குப் பின் இந்த அச்சத்தால் தாய்ப்பாலை நிறுத்திவிட வேண்டாம். பிரசவம் வரைக்கும் அதன் பிறகும், காட்டிலிருந்து வந்தவர் குளித்து உடை மாற்றிய பிறகே உங்கள் அருகில் வரட்டும், குழந்தையைத் தூக்கட்டும்.