‘கொமோடியஸ்’ வீடு எப்படிப்பட்டது?

கேள்வி: கொக்குவிலில் உள்ள எங்கள் பழைய வீட்டை வாடகைக்கு விடுவதற்காக, வெளிநாட்டிலிருக்கும் என் தமையனார் ஆங்கிலத்தில் விளம்பரம் ஒன்றை எழுதி அனுப்பியுள்ளார். அதில் வீட்டைக் ‘கொமோடியஸ்’ என்று வருணித்திருக்கிறார். ‘கொமோட் வைத்த வீடு என்பதாக்கும்’ என்று என் மகன் சிரிக்கிறான். இச்சொல்லின் பொருள் என்ன? தமிழ் விளம்பரத்தில் ‘விசாலமான’ என்று போட்டால் சரியாகுமா?
– வாசகி ஒருவர், கொக்குவில்

பதில்: மகன் பகிடியாகச் சொன்னாலும் அவர் தொட்ட இடம் சரியானதே, இரண்டு சொற்களும் ஒரே வேரில் பிறந்தவை. இலத்தீனில் ‘கொமோடுஸ்’ என்றால் அளவோடு பொருந்தியது, வசதியானது என்று பொருள். அதிலிருந்து பிரெஞ்சுக்காரர் இழுப்பறைகள் கொண்ட தளபாடம் ஒன்றுக்குக் ‘கொமோட்’ என்று பெயரிட்டனர். ஆங்கிலேயரோ 19ஆம் நூற்றாண்டில் அப்பெயரை மலசலச் சட்டியை மறைத்து வைக்கும் கதிரைக்குக் கொடுக்க, அது இன்று நமது குளியலறை வரை வந்துவிட்டது. தங்குமிடத்தைக் குறிக்கும் ‘அக்கொமடேஷன்’ என்பதும் இக்குடும்பத்துச் சொல்லே. (அதை எழுதும்போது பலரும் ஓர் ‘எம்’மை விட்டுவிடுகிறார்கள், ‘சி’யும் இரண்டு, ‘எம்’மும் இரண்டு.)

‘கொமோடியஸ்’ 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அதற்கு இடப்பரப்போடு தொடர்பே இருக்கவில்லை. பயன் தருவது, வசதியானது என்பதே அப்போதைய பொருள். தாராளமான இடம் என்ற கருத்து 16ஆம் நூற்றாண்டில்தான் அதனோடு சேர்ந்தது. பழைய ஆங்கில நூல்களில் துறைமுகங்களுக்கு இந்த அடைமொழி அடிக்கடி வரும்; கப்பல்கள் நெருக்கமின்றியும் பாதுகாப்பாகவும் தரித்து நிற்கலாம் என்பதே அங்கு கருத்து.

ஆகவே ‘விசாலமான’ என்பது பாதிப் பொருளையே தரும். யாழ்ப்பாணக் கோட்டைக்கு அருகிலுள்ள நமது முற்றவெளி விசாலமானது. ஆங்கிலத்தில் அதனை ‘ஸ்பேஷியஸ்’ எனலாம், ‘கொமோடியஸ்’ என்று எவரும் சொல்லமாட்டார்கள். நடுவே முற்றமும் நாற்புறமும் விறாந்தையும் அறைகளுமாக, நல்லது கெட்டதுக்கு இனசனம் கூடினாலும் ஒருவரோடொருவர் முட்டாமல் புழங்கக்கூடிய நாற்சார் வீட்டுக்கு அச்சொல் அச்சொட்டாகப் பொருந்தும். ‘புழங்க இடமிருக்கிறது’ என்று நம் ஊரில் சொல்கிறோமே, அந்தப் புழக்கம்தான் இச்சொல்லின் உயிர்.

இதற்கு அயலில் வேறு இரு சொற்களும் உண்டு. ‘கப்பேஷியஸ்’ என்பது நிறையக் கொள்ளக்கூடியது என்பதைக் குறிக்கும். பெரிய கடகத்துக்கும் பொருந்தும், நினைவாற்றலுக்கும் பொருந்தும். ஒரே வேளையில் நூறு விடயங்களில் கவனம் செலுத்திச் சதாவதானி எனப் பெயர் பெற்ற மேலைப்புலோலி நா. கதிரைவேற்பிள்ளையின் மனத்தை வருணிக்க ஆங்கிலத்தில் இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை. ‘றூமி’ பேச்சுக்கு நெருக்கமானது. கார், சப்பாத்து, தொளதொளத்த காற்சட்டை போன்றவற்றுக்குச் சொல்வார்கள்.

‘கொமோடியஸ்’ இன்று சற்றுப் பழமையான, சபைக்குரிய சொல்லாகிவிட்டது. அன்றாட விளம்பரத்தில் அது பட்டுவேட்டி கட்டிக்கொண்டு சந்தைக்குப் போவது போலத் தோன்றும் என்பது என் எண்ணம். ஆயினும் தமையனார் எழுதியது பிழையன்று, விட்டுவிடுங்கள். தமிழில் ‘தாராளமான இடவசதியுள்ள வீடு’ என்று எழுதுங்கள். ‘இடம்’, ‘வசதி’ ஆகிய இரண்டும் அதில் இருப்பதால் பொருள் முழுமையாக வந்துவிடும். குளியலறை வளவின் பின்கோடியில் இருக்குமானால் மட்டும், ‘வசதி’ என்ற சொல்லைத் தவிர்த்து ‘விசாலமான’ என்பதோடு நிறுத்திக்கொள்வது நேர்மையாக இருக்கும்.