அருங்காட்சியகச் சுவரில் காமிக்ஸ்

வணக்கம். முதல் உலகப்போர் பற்றிய ஓர் அருங்காட்சியகக் காட்சிக்கு எட்டுக் கட்டங்களில் காமிக்ஸ் வரைந்து தரச் சொல்லியிருக்கிறார்கள். நச்சுவாயு முகமூடிகள் வைத்திருக்கும் கண்ணாடிப் பேழைக்குப் பக்கத்துச் சுவரில் அது வரும். இவ்வளவு பெரிய துயரத்தை காமிக்ஸாக்கினால் விளையாட்டாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இறந்தவர்களைக் காட்டலாமா? எதிரியை எப்படி வரைவது?

ஓர் இளம் ஓவியர்

*

அன்புள்ள நண்பருக்கு,

தைரியமாக வரையுங்கள். போரைப் படங்களாக அடுக்கிச் சொல்வது மிகப் பழைய வழக்கம். 1066இல் இங்கிலாந்தில் நடந்த ஹேஸ்டிங்ஸ் போரை ஏறத்தாழ 70 மீட்டர் நீளத் துணியில், சின்னச் சின்ன லத்தீன் வாக்கியங்களோடு தைத்து வைத்திருக்கிறார்கள். பேயூ திரைச்சீலை என்று பெயர். நடுவில் குதிரைகள் பாய்கின்றன. கீழ்க்கரையில் பிணங்கள் கிடக்கின்றன, அவற்றின் கவசங்களைச் சிலர் உருவுகிறார்கள். இறந்தவர்களைக் காட்டலாமா என்ற கேள்விக்கு என் பதிலும் அதுதான். காட்டுங்கள், ஆனால் கட்டம் நிறைய ரத்தம் தெறிக்க வேண்டியதில்லை.

எட்டுக் கட்டங்களில் ஒரு போரைச் சொல்லிவிட முடியாது. பேழைக்குள் இருக்கும் பொருளை ஒரு மனிதன் எப்படிப் பயன்படுத்தினான் என்று சொல்லலாம். கண்ணாடிக்குப் பின்னால் கிடக்கும் பொருளால் அதைத் தானாகச் சொல்ல முடியாது. பிரிட்டிஷ் படை 1916இல் கொண்டுவந்த முகமூடியையே எடுத்துக்கொள்ளுங்கள். வடிகட்டும் பெட்டி மார்பில் தொங்கும் பையில் இருக்கும். அதிலிருந்து ஒரு குழாய் முகத்துக்கு வரும். மூச்சைப் பிடித்துக்கொண்டு முகவாயை உள்ளே நுழைத்து, வார்களைத் தலைக்கு மேல் இழுத்து, குழாயின் முனையைப் பல்லால் கடித்து, மூக்கை ஒரு கிளிப்பால் இறுக்க வேண்டும். இதற்கே நான்கு கட்டங்கள் தாராளமாகத் தரலாம்.

அப்புறம் ஒன்றைக் கவனியுங்கள். பல்லுக்கிடையே குழாயைக் கடித்திருப்பவனால் பேச முடியாது. அவன் வாயிலிருந்து பேச்சு பலூன் வந்தால் அது பொய். முகமும் தெரியாது என்பதால் கண்ணீர், கோபம் எதையும் முகத்தில் காட்ட வழியில்லை. தோள், கைவிரல், பக்கத்தில் இருப்பவனைப் பிடித்திழுக்கும் விதம் இவற்றால்தான் அந்தப் பயத்தை வரைய வேண்டும். எனக்கு இந்த வேலையில் பிடித்த இடமே இதுதான். வரைபவருக்குக் கிடைக்கும் அரிய சந்தர்ப்பம், வசனம் எழுதி அதைக் கெடுத்துவிடாதீர்கள்.

ஆண்டு விஷயத்தில் கறாராக இருங்கள். மேற்குப் போர்முனையில் ஜெர்மனி குளோரின் வாயுவை முதன்முதலாகப் பெருமளவில் திறந்துவிட்டது 1915 ஏப்ரல் 22 அன்று, பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே. அன்று எதிரே இருந்த வீரர்களிடம் முகமூடி இல்லை, இரும்புத் தொப்பியும் இல்லை. அதன்பின் அவசரத்துக்குக் கையில் கிடைத்தவை நனைத்த துணிகளும் பஞ்சுப் பட்டைகளும்தான். பேழையில் 1916ஆம் ஆண்டு முகமூடி இருக்கிறதே என்று அதை 1915 காட்சியில் மாட்டிவிட்டால், பார்க்கிறவர்கள் அதையே வரலாறாக நினைவில் வைத்துக்கொள்வார்கள். சந்தேகம் வந்தால் காப்பாட்சியரைக் கேளுங்கள். நீங்களாக ஊகித்து வரைந்த கட்டம் எது என்று விளக்கப் பலகையில் ஒரு வரி போடச் சொல்லுங்கள்.

புத்தகத்தில் போல இங்கே பக்கம் புரட்ட முடியாது. வாசகர் நின்றுகொண்டு படிப்பார், பாதியில் வந்து சேர்வார், எதிர்ப்பக்கத்திலிருந்துகூட வருவார். ஒவ்வொரு கட்டமும் தனியாகப் பார்த்தாலும் புரிய வேண்டும். எழுத்தைப் பெரிதாக்குங்கள், வரிகளைக் குறையுங்கள். அசல் அளவில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, தள்ளி நின்று படித்துப் பார்த்த பிறகே வண்ணம் தீட்டுங்கள்.

எதிரியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜெர்மானியர் முகமூடியில் குழாய் கிடையாது, வடிகட்டி முகத்தருகிலேயே நேராகத் திருகப்பட்டிருக்கும். அந்த வித்தியாசத்தைச் சரியாகக் காட்டினாலே யார் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். கோரைப்பல்லும் குரூரச் சிரிப்பும் வேண்டாம். வாயு காற்றோடு திரும்பி, திறந்துவிட்டவர்கள் மேலேயே வந்த சம்பவங்களும் அந்தப் போரில் உண்டு. எட்டில் ஒரு கட்டத்தை அதற்கு ஒதுக்க முடியுமா என்று பாருங்கள்.