வீடியோ பார்த்தால் விளங்குகிறது, வெறும் கோப்பைத் திறந்தால் கை ஓடவில்லை

கேள்வி: உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு உப்புவெளியில் வீட்டோடு இருக்கிறேன். வலைப்பக்கம் எழுதும் ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ் தெரியும். மூன்று மாதமாக, இணையச் செயலிகளின் திரையைக் கட்ட உதவும் ரியாக்ட் என்ற கருவி பற்றிய வீடியோக்கள் பார்க்கிறேன். பார்க்கும்போது எல்லாம் விளங்குகிறது, தனியே எழுத உட்கார்ந்தால் ஒரு வரியும் வரவில்லை. நிலாவெளியில் இருந்து புறாமலைக்கு ஆட்களை ஏற்றும் மாமாவின் படகுக்கு ஒரு முன்பதிவுச் செயலி செய்துகொடுக்க ஆசை. அதேபோன்ற வியூ அல்லது ஆங்குலருக்கு மாறினால் இலகுவாக இருக்குமா?

பதில்: மாற வேண்டாம். 2013இல் வந்த ரியாக்ட், 2014இல் வந்த வியூ, 2016இல் புதிதாக எழுதப்பட்ட ஆங்குலர் மூன்றுக்கும் அடிப்படை வேலை ஒன்றுதான்: தரவு மாறினால் திரையைத் தானாக மாற்றிவிடுவது. வியூ எழுதுவதற்குச் சற்று இலகு, உண்மை. ஆங்குலர் தனியாள் எழுதும் முதல் செயலிக்குப் பாரம். ஆனால் நீங்கள் தடக்கி நிற்கும் இடம், மூன்றுக்கும் அடியில் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழி. அது எங்கே போனாலும் கூடவே வரும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். பெயர், திகதி, ஆட்கள் என மூன்று விவரமுள்ள ஐந்து பதிவுகளை ஒரு அரேயில் (வரிசைப் பட்டியலில்) எழுதி, குறிப்பிட்ட ஒரு நாளுக்கு மொத்தம் எத்தனை பேர் என்று எதையும் பார்க்காமல் கணக்கிடுங்கள். முடியாவிட்டால் ரியாக்ட்டை இரண்டு மூன்று கிழமை மூடிவைத்து பட்டியலை மாற்றும் மாப், வடிகட்டும் ஃபில்டர், ஒரே விடையாகச் சுருக்கும் ரெடியூஸ், பட்டியலைப் பிரித்துப்போடும் மூன்று புள்ளி ஸ்ப்ரெட், பதிலுக்குக் காத்திருக்கும் அசிங்க் அவெயிட் ஆகியவற்றை மட்டும் பழகுங்கள்.

பார்க்கும் வீடியோவின் வயதையும் கவனியுங்கள். 'கிரியேட் ரியாக்ட் ஆப்' என்று தொடங்கினால் விட்டுவிடலாம், புதிய செயலியைத் தொடங்கித் தரும் அந்தக் கருவி 2025 பெப்ரவரியில் கைவிடப்பட்டது. திரையின் ஒவ்வொரு துண்டையும் கிளாஸாக எழுதும் கிளாஸ் கொம்போனன்ட் எழுதச் சொன்னால் அது பெரும்பாலும் 2019இல் ஹூக்ஸ் (யூஸ்ஸ்டேட் போன்ற ரியாக்ட் செயற்கூறுகள்) வருவதற்கு முந்தைய பாடம். இப்போது ஜாவாஸ்கிரிப்ட்டை உலாவிக்கு வெளியே ஓட்டும் நோட்டை நிறுவிவிட்டு, செயலியைத் தொடங்கி ஓட்டிக் காட்டும் வீட் மூலம் தொடங்குவதுதான் வழக்கம், செயலி உங்கள் கணினியில் 5173ஆம் போர்ட்டில் (முகவரியின் வாசல் எண்) ஓடும். முதல் முறை பொதிகளை (பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்புகளை) இறக்கத்தான் டேட்டா வேண்டும், பிறகு இணையம் இல்லாமலே எழுதலாம். நண்பரின் கணினிக்குப் பென் டிரைவில் கொண்டுபோவதென்றால் இறக்கிய பொதிகள் இருக்கும் நோட் மொட்யூல்ஸ் ஃபோல்டரை விட்டுவிடுங்கள். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள், விடியும்வரை கொப்பி ஆகும். பொதிகளின் பட்டியலான பேக்கேஜ் லொக் கோப்பு இருந்தால், அங்கே அவற்றை மீண்டும் இறக்கும் 'என்பிஎம் சிஐ' கட்டளையை அடித்தால் போதும்.

இனிப் படகுக்கு வருவோம். கணினியைத் திறக்காமல் ஒரு தாளில் எழுதுங்கள்: செயலி எதை ஞாபகம் வைத்திருக்க வேண்டும், எதைக் கணக்கிட்டு எடுக்கலாம்? படகில் 10 இருக்கை என்று வைப்போம். அது மாறாத எண். பதிவுகளின் பட்டியல் மாறும், படிவத்தில் தட்டும் பெயரும் திகதியும் மாறும். செயலி ஞாபகம் வைக்கும் இந்த மாறும் தரவுகள்தான் ஸ்டேட். மீதி இருக்கை? பலர் அதற்கும் ஸ்டேட்டை வைத்திருக்கும் யூஸ்ஸ்டேட் ஒன்றைப் போடுவார்கள். பதிவு சேர்ந்தால் குறைப்பார்கள், ஒருவர் ரத்துச் செய்தால் கூட்ட மறப்பார்கள். பட்டியலில் 6 பேர், திரையில் மீதி 2. மீதியை எங்கும் சேமிக்காமல், 10இலிருந்து அந்த நாளின் மொத்தத்தைக் கழித்து அதே இடத்தில் காட்டினால் இந்தப் பிழைக்கு வழியே இல்லை. இதற்கு, திரை வரைந்த பிறகு ஓடும் யூஸ்எஃபெக்ட்டும் வேண்டாம். வெறும் கோப்பில் கை ஓடாததற்கு முக்கிய காரணம் இந்தத் தாள் இல்லாததுதான் என்பேன். வீடியோவில் அதை வேறொருவர் ஏற்கெனவே யோசித்து முடித்திருப்பார்.

எழுதத் தொடங்கியதும் சில பிழைகள் கட்டாயம் வரும். படிவத்தில் தட்டிய எண் உண்மையில் எழுத்துச் சரம். 2 பேரையும் 3 பேரையும் கூட்டினால் 23 வந்து, படகு தாண்டுவிடும். கூட்டுமுன் நம்பர் ஆக்குங்கள். அடுத்தது, பட்டியலின் கடைசியில் புஷ் மூலம் ஒன்றைச் சேர்த்தும் திரை அசையாது. அரே உள்ளே மாறினாலும் அதே அரேதான் என்பதால், ஒன்றும் மாறவில்லை என்று ரியாக்ட் எடுத்துக்கொள்ளும். பழையதை ஸ்ப்ரெட் செய்து புதிய அரே ஒன்றைக் கொடுக்க வேண்டும்.

திகதிதான் கள்ளப் பிழை. ஓகஸ்ட் 12 நள்ளிரவை, உலகப் பொது நேரத்தில் எழுதித் தரும் 'டுஐஎஸ்ஓஸ்ட்ரிங்' மூலம் மாற்றினால், இலங்கை நேரம் அதைவிட 5:30 மணி முன்னால் இருப்பதால், ஓகஸ்ட் 11 மாலை 18:30 என்று பதிவாகும். பயணி ஒரு நாள் பிந்தி வந்து நிற்பார். படிவத்தில் திகதி தெரிவுசெய்யும் டேட் இன்புட் தரும் ஆண்டு-மாதம்-நாள் சரத்தை அப்படியே வைத்திருங்கள்.

தமிழ்ப் பெயர்களிலும் ஒரு சிக்கல் உண்டு. 'திருகோணமலை' நமக்கு 6 எழுத்து, ஜாவாஸ்கிரிப்ட்டில் லெங்த் (நீளம்) கேட்டால் 10 என்று வரும். 'கோ'வை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் தனித்தனியாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. ஆகவே தேடல் பிழைக்கும். சேமிக்கும்போதும் தேடும்போதும் நோர்மலைஸ் செய்து ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால் சரி.

உலாவியின் சேமிப்பிடமான லோக்கல் ஸ்டோரேஜில் வைத்தால் பதிவு அந்த ஒரு கைப்பேசியில்தான் இருக்கும், பழகுவதற்கு அது போதும். உண்மையான பயன்பாட்டுக்குச் சேர்வரும் தரவுத்தளமும் வேண்டும். கடைசி இருக்கையை இருவர் ஒரே நொடியில் அழுத்தினால் உலாவியால் தீர்க்க முடியாது, தரவுத்தளம்தான் மறுக்க வேண்டும். கட்டணத்தையும் சேர்வரில் கணக்கிடுங்கள். வீட் என்ற முன்னொட்டோடு அமைப்புகளை எழுதிவைக்கும் என்வ் கோப்பில் வைக்கும் எதையும் யாரும் பார்க்கலாம், இரகசியச் சாவியை அங்கே வைக்க வேண்டாம்.

சேர்வரில் ஏற்றியதும் இரண்டு விஷயம் உடையும். விண்டோஸில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் இல்லாமல் ஓடிய கோப்புப் பெயர் லினக்ஸில் கிடைக்காது. உள்பக்கமொன்றை ரிஃப்ரெஷ் செய்தால் 404 (பக்கம் இல்லை) வரும், எல்லா முகவரியையும் இன்டெக்ஸ் பக்கத்துக்குத் திருப்பிவிட வேண்டும்.

மாமாவிடம் கொடுக்குமுன் உலாவியின் டெவலப்பர் கருவிகளில் உள்ள நெட்வொர்க் பகுதியில் வேகத்தைக் குறைத்துவைத்துப் பதிவு செய்து பாருங்கள். காத்திருக்கும் பயணி பொத்தானை மூன்று தரம் அழுத்துவார், மூன்று பதிவு விழும். அழுத்தியவுடன் பொத்தானை முடக்குங்கள். சேர்வருக்குக் கோரிக்கை அனுப்பும் ஃபெட்ச், 500 (சேர்வர் பிழை) வந்தாலும் பிழை எறியாது, ரெஸ்பொன்ஸின் ஓகேயைப் பார்த்த பிறகே 'பதிவாகிவிட்டது' என்று காட்டுங்கள்.