கதிர் பட்டது மார்பில், கோளாறு வயிற்றிலா?

மார்பகப் புற்றுநோய்க்குக் கதிரியக்கச் சிகிச்சை முடித்தவர்களும் அவர்கள் வீட்டாரும் வயிறு, குடல் தொல்லைகள் பற்றி எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் இடம் தருகிறோம். பதில் தருபவர்கள் புற்றுநோய்ப் பிரிவுத் தாதியரும் உணவியல் நிபுணரும்.

என் அம்மாவுக்கு 62 வயது. இடப்பக்க மார்பகத்தில் அறுவை சிகிச்சை, பிறகு 15 முறை கதிர். முடிந்து பத்து நாளாகிறது. இப்போது போய் விழுங்கும்போது நெஞ்சு எரிகிறது, சோறு பாதி வழியில் நிற்கிறது என்கிறார். காரம் வேண்டாம் என்று ரசம் சாதம்தான் கரைத்துக் கொடுக்கிறேன். ஹார்மோன் மாத்திரையோடு எலும்புக்கு வாரம் ஒரு மாத்திரையும் சாப்பிடுகிறார். சிகிச்சை நடந்தபோது இல்லாத தொல்லை, முடிந்த பிறகு ஏன் வருகிறது?
— ஈசூன் வாசகி

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அம்மாவுக்குக் கதிர் மார்பில் மட்டும் பட்டதா, காறை எலும்புக்கு மேலுள்ள நிணநீர் முடிச்சுகளிலும் பட்டதா? மருத்துவமனையில் கேட்டால் சொல்வார்கள். மார்பில் மட்டும் என்றால் உணவுக்குழாய்க்குக் கதிர் அதிகம் போயிருக்காது. கழுத்தடி முடிச்சுகளுக்கும் கொடுத்திருந்தால், அதன் பின்னால் ஓடும் உணவுக்குழாயும் ஒரு பங்கை வாங்கியிருக்கும். கழுத்தடியில் அந்தக் குழாய் சற்றே இடப்பக்கம் ஒதுங்கியிருப்பதால் இடப்பக்கச் சிகிச்சையில் இது கூடுதலாகத் தெரியலாம்.

தாமதமாக வருவதற்குக் காரணம் உண்டு. உணவுக்குழாயின் உள்தோல் ஓயாமல் உதிர்ந்து புதிதாக வளர்வது. கதிர் பழைய தோலை எரித்துவிடுவதில்லை. புதிது வளர்வதைத் தடுக்கிறது. பழையது உதிர்ந்து, அடியிலிருந்து ஈடு வராதபோதுதான் புண்ணாகிறது. அதற்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். 15 முறைச் சிகிச்சையே மூன்று வாரத்தில் முடிந்துவிடுவதால், தொல்லை உச்சத்துக்கு வரும்போது சிகிச்சை முடிந்து ஓரிரு வாரம் ஆகியிருக்கும். பெரும்பாலும் அடுத்த சில வாரங்களில் தானே ஆறும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் எங்களைக் கவலைப்பட வைத்தது அந்த வார மாத்திரை. அது அலெண்ட்ரோனேட் வகையாக இருந்தால், உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு தானே புண் உண்டாக்கக்கூடியது. அதனால்தான் காலையில் வெறும் வயிற்றில், ஒரு முழு கிளாஸ் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்கச் சொல்கிறார்கள். ஏற்கெனவே புண்ணான குழாயில் அதைப் போடக்கூடாது. அடுத்த வார மாத்திரைக்கு முன்பே மருத்துவமனைக்கு அழைத்து, ஆறும்வரை நிறுத்தலாமா என்று கேளுங்கள். எலும்புக்கு ஊசியாகப் போடும் மருந்துகளும் உண்டு.

இன்னொன்று, வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். நாக்கிலோ கன்னத்தின் உட்புறமோ தயிர் படிந்ததுபோல் வெள்ளைத் திட்டுகள் இருந்தால் அது பூஞ்சைத் தொற்று. நீரிழிவு உள்ளவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கும் எளிதில் வரும், உணவுக்குழாய்க்குள்ளும் இறங்கும். அதற்கான மருந்து வேறு. அமில மாத்திரை எத்தனை போட்டாலும் கேட்காது.

ரசத்தை நிறுத்துங்கள். நோயாளிக்கு ரசம் என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். ஆனால் புளி, தக்காளி, மிளகு மூன்றும் புண்ணில் படும். எலுமிச்சைச் சாறு, ஊறுகாய், சம்பால், முறுக்கு, புரோட்டாவின் மொறுமொறு ஓரம், ஆவி பறக்கும் காப்பி எல்லாம் இப்போது ஓய்வெடுக்கட்டும். ஒரு பங்கு அரிசிக்கு எட்டு முதல் பத்து பங்கு தண்ணீர் வைத்து, ஒரு பிடி பாசிப்பருப்பும் சேர்த்துக் குழைய வேகவிட்ட கஞ்சி, பாலில் ஊறிய இட்லி, ஆவியில் வேகவைத்த முட்டை, முள் நீக்கிய மீன், தாவ் ஹுவே (சோயாப் பாலில் உறைய வைத்த இனிப்பு) ஆகியவை எளிதில் இறங்கும். சூடு வெதுவெதுப்பைத் தாண்டக்கூடாது.

கஞ்சி மட்டும் போதாது. புண் ஆறப் புரதம் வேண்டும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 கிராம் என்று கணக்கு வையுங்கள். 60 கிலோ எடைக்கு ஏறத்தாழ 72 கிராம். ஒரு முட்டையில் 6, நூறு கிராம் மீனில் 20, ஒரு கிளாஸ் பாலில் 8 கிராம் கிடைக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இந்தக் கணக்கை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்கவேண்டும்.

மருந்து கொடுத்திருந்தால் நேரம் முக்கியம். அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு. புண்ணின் மேல் படியும் சுக்ரால்ஃபேட் திரவம் வெறும் வயிற்றில், சாப்பிடுவதற்கு ஒரு மணி முன்பு. அது மற்ற மருந்துகளையும் பிடித்துக்கொள்வதால் நடுவே இரண்டு மணி இடைவெளி விடுங்கள். தண்ணீரே இறங்கவில்லை, எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை, காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டது என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

கதிர் முடிந்து நான்கு மாதம். லெட்ரோசோல் என்ற ஹார்மோன் மாத்திரையும், காலை மாலை இரண்டு வேளை போடும் இன்னொரு மாத்திரையும் தொடங்கி இரண்டு வாரமாகிறது. ஒரு நாளைக்கு ஐந்து ஆறு முறை கழிவறைக்கு ஓடுகிறேன். எம்ஆர்டி ரயிலில் ஏறவே பயமாக இருக்கிறது. கதிர் குடலைக் கெடுத்துவிட்டதா? நீரிழிவுக்கு மெட்ஃபார்மினும் சாப்பிடுகிறேன். வயது 51.
— ஜூரோங் வெஸ்ட் வாசகி

கதிர் உங்கள் குடல் பக்கமே போகவில்லை. கருப்பை வாய், மலக்குடல் போன்ற அடிவயிற்றுப் புற்றுநோய்களில்தான் கதிர் குடலைத் தொடும். அந்தச் சிகிச்சைக்குப் போனவர்கள் சொன்ன அனுபவம் உங்கள் காதில் விழுந்திருக்கலாம்.

இரண்டு வேளை மாத்திரையின் உறையைப் பாருங்கள். அபெமாசிக்லிப் என்ற புற்றுநோய் மாத்திரையாக இருந்தால் (கடையில் வெர்ஸெனியோ) குற்றவாளி கிடைத்துவிட்டது. அதைச் சாப்பிடுபவர்களில் பத்துப் பேரில் எட்டுப் பேருக்குப் பேதி வருகிறது. பெரும்பாலும் முதல் வாரத்திலேயே தொடங்கி, முதல் மாதம் கடுமையாக இருந்து, பிறகு தணியும். உங்களுக்கு மெட்ஃபார்மின் வேறு. அதுவும் பேதி கொடுக்கும் மாத்திரை; அபெமாசிக்லிப் சேரும்போது ரத்தத்தில் மெட்ஃபார்மின் அளவு கூடவும் செய்யும். நீரிழிவை பலதுறை மருந்தகத்திலும் புற்றுநோயை மருத்துவமனையிலும் பார்ப்பவர் என்றால், ஓரிடத்து மருந்துப் பட்டியலை மற்ற இடத்தில் கட்டாயம் காட்டுங்கள். மெதுவாகக் கரையும் மெட்ஃபார்மினுக்கு மாற்றுவதே சிலருக்குப் பாதித் தொல்லையைக் குறைத்துவிடும்.

பேதியைக் கட்டுப்படுத்தும் லோபெரமைடு மாத்திரையை வீட்டில் ஒன்று, கைப்பையில் ஒன்று என்று வையுங்கள். இந்த மருந்தால் வரும் பேதியில் 'இன்னும் ஒரு தடவை பார்ப்போம்' என்று காத்திருப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. முதல் தடவை இளகிப்போனதுமே 4 மில்லிகிராம், அதாவது இரண்டு மாத்திரை. அதன்பின் ஒவ்வொரு முறை பேதியானதும் ஒன்று. ஒரு நாளில் எட்டைத் தாண்டக்கூடாது. உங்கள் மருத்துவர் குறைவாகச் சொல்லியிருந்தால் அவர் சொன்னதே அளவு. காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் லோபெரமைடு போடாதீர்கள். அது தொற்றாக இருக்கலாம், உள்ளேயே அடைத்துவைக்கக் கூடாது. 24 மணி நேரத்தில் குறையவில்லை என்றால் மருத்துவமனைக்கு அழைத்துச் சொல்லுங்கள். அவர்கள் அபெமாசிக்லிப்பைச் சில நாள் நிறுத்தியோ அளவைக் குறைத்தோ தருவார்கள். சொல்லாமல் நீங்களே ஒரு வேளையை விழுங்காமல் விடுவது வேறு கதை. அது அவர்கள் கணக்கைக் குழப்பிவிடும்.

தண்ணீர் மட்டும் குடித்தால் உப்பு ஈடாகாது. மருந்துக்கடையில் விற்கும் உப்பு-சர்க்கரைப் பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரையுங்கள். பொட்டலம் இல்லாத இரவில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, குவித்து அள்ளாதீர்கள். சர்க்கரை இருக்கிறதே என்று நீரிழிவுக்காரர்கள் பயப்படுவது இயல்பு. குடல் உப்பை உறிஞ்ச அந்தச் சர்க்கரை வேண்டும்; குடித்துவிட்டு ரத்தச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ளுங்கள். 100பிளஸ் பானத்தில் சர்க்கரை உண்டு, உப்பு போதாது. வாந்தியும் பேதியும் கடுமையான நாளில் மெட்ஃபார்மினையும் ரத்த அழுத்த மாத்திரையையும் தொடரலாமா என்று அன்றே கேட்டுவிடுங்கள். உடலில் நீர் வற்றும்போது இவை சிறுநீரகத்தைச் சோதிக்கும்.

காப்பிக்கடையில் சாப்பிடவேண்டியிருந்தால் மீன் சூப் பீஹூன் நல்லது, பால் ஊற்றாமல் கேளுங்கள். தோசைக்குச் சட்னி, சாம்பார் வேண்டாம். பால் கலந்த 'தே'வுக்குப் பதில் பால் ஊற்றாத 'தே ஓ'. பேதி நாட்களில் குடல் பால் சர்க்கரையைச் செரிக்கத் தடுமாறும். தயிர் பலருக்கு ஒத்துக்கொள்ளும். கிரேப்ஃபுரூட்டையும் அதன் உறவான பொமெலோவையும் அபெமாசிக்லிப் சாப்பிடும் காலம் முழுவதும் தொடாதீர்கள். மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்.

என் மனைவிக்கு ஐந்து நாளாக மலம் போகவில்லை. கதிருக்குப் பிறகு தோள் வலிக்கு டிராமடால், ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை, எலும்புக்குக் கால்சியம். பப்பாளி கொடுத்தேன், இசப்கோலும் கொடுத்தேன். வயிறு இன்னும் உப்பிவிட்டது.
— தெம்பனிஸ் வாசகர்

மூன்று மாத்திரையும் மலத்தைக் கட்டுபவை. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் பப்பாளி என்ன செய்யும்? டிராமடால் குடலின் அசைவையே மந்தமாக்குகிறது. அசையாத குடலில் இசப்கோலைக் கொட்டினால் ஈரத்தை உறிஞ்சி ஊதி நிற்கும். அதனால்தான் உப்பியது. வலி மாத்திரை தொடரும்வரை இசப்கோல் வேண்டாம்.

இந்த வகை மலச்சிக்கலுக்குக் குடலைத் தூண்டும் மருந்தோ, தண்ணீரை உள்ளே இழுக்கும் மருந்தோ தேவை. சென்னா இரவு போட்டால் காலையில் வேலை செய்யும். லாக்டுலோஸ் ஒன்றிரண்டு நாள் எடுக்கும். மறுநாளே ஒன்றும் ஆகவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். ஆனால் ஐந்து நாள் ஆகி வயிறும் உப்பியிருக்கிறது என்கிறீர்கள். வாந்தி வருகிறதா, காற்றும் பிரியவில்லையா என்று பாருங்கள். ஆம் என்றால் எந்த மலமிளக்கியும் கொடுக்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். குடல் அடைப்பாக இருக்கலாம். இல்லையென்றால் இன்றே மருத்துவரை அழைத்து மருந்து கேளுங்கள். அண்மையில் கீமோ எடுத்தவர் என்றால் மருத்துவரைக் கேட்காமல் ஆசனவாய் வழி மருந்து வைக்கவேண்டாம்; வெள்ளணு குறைந்திருக்கும்போது அங்கே சிறு கீறலும் தொற்றாகும்.

கால்சியம் கார்பனேட்டுக்குப் பதில் சிட்ரேட் வகை சிலருக்குக் குறைவாகக் கட்டும். இரும்பையும் கால்சியத்தையும் ஒரே வேளையில் கொடுக்காதீர்கள். கால்சியம் இரும்பை உடலில் சேரவிடாது. தேநீரும் அப்படியே. இரும்பு மாத்திரையால் மலம் கறுப்பதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. ஆனால் தார்போல் பளபளத்து ஒட்டி, நாற்றமும் அடித்தால் அது இரும்பில்லை, ரத்தம்.

டாமொக்சிஃபென் என்ற ஹார்மோன் மாத்திரை போட்டதும் காலை முழுவதும் குமட்டல். நிறுத்திவிடலாமா?
— செங்காங் வாசகி

வேண்டாம். இரவுச் சாப்பாட்டோடு மாற்றிப் பாருங்கள்; ஒரு வேளை மாத்திரைதான், எந்த நேரமானாலும் தினமும் அதே நேரமாக இருக்கட்டும். வெறும் வயிறுதான் பெரும்பாலும் காரணம். சில வாரத்தில் பழகும். மனச்சோர்வுக்கோ உடல் அனலுக்கோ பராக்செடின், ஃபுளுவாக்செடின் எடுத்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவை டாமொக்சிஃபென்னின் வேலையைக் குறைக்கும்.

நோன்பு மாதம் வரப்போகிறது. அபெமாசிக்லிப் சாப்பிட்டுக்கொண்டே நோன்பு வைக்கலாமா?
— உட்லண்ட்ஸ் வாசகி

நேரக் கணக்கு ஒத்துவரும். இங்கே சிங்கப்பூரில் நோன்பு ஏறத்தாழ பதின்மூன்றரை மணி நேரம். சஹரில் ஒன்று, நோன்பு திறந்ததும் ஒன்று என்று போடலாம், உணவோடும் உணவில்லாமலும் சாப்பிடக்கூடிய மாத்திரைதான். சிக்கல் பேதியில். பகலில் பேதியானால் லோபெரமைடும் உப்புத் தண்ணீரும் உடனே தேவை, மாலைவரை தள்ளமுடியாது. முதல் இரண்டு மாதத்தில் இருப்பவர்கள் இந்த ஆண்டு விட்டுப் பின்னர் ஈடுசெய்வதே நல்லது என்பது எங்கள் கருத்து. நோயாளிக்கு மார்க்கம் அந்தச் சலுகையைத் தந்திருக்கிறது. பல மாதமாகப் பேதியில்லாமல் சாப்பிடுபவர் மருத்துவரைக் கேட்டு முடிவெடுக்கலாம்.

தேக்காவில் வாங்கிய மஞ்சள் கேப்சூல், இஞ்சித் தேநீர், சோயா. இவற்றில் எது வேண்டாம்?
— அங் மோ கியோ வாசகி

குழம்பில் போடும் மஞ்சளும் இஞ்சித் தேநீரும் தாராளமாக. கேப்சூல் வேறு, அதில் குர்க்குமின் பல மடங்கு செறிந்திருக்கும், மிளகுச் சத்தும் சேர்த்திருப்பார்கள். கல்லீரலைப் பாதித்ததுண்டு, டாமொக்சிஃபென்னின் அளவையும் இறக்கலாம். தவ்வா (சோயாக் கட்டி), தாவ் ஹுவே, சோயாப் பால் உணவாகச் சாப்பிடுவதில் தவறில்லை. மாத்திரையாக விற்கும் சோயாச் சத்தை விட்டுவிடுங்கள்.

என் பெரியம்மாவுக்கு 68 வயது. வலப்பக்கம் கதிர் முடிந்து இரண்டு ஆண்டு. இப்போது நாலு கவளத்திலேயே வயிறு நிறைந்துவிடுகிறது, இரண்டு மாதத்தில் 4 கிலோ குறைந்துவிட்டார். கதிரின் பின்விளைவு என்று வீட்டில் சொல்கிறார்கள்.
— பொங்கோல் வாசகி

வலப்பக்கச் சிகிச்சையில் கல்லீரலின் மேல் முனையில் சிறிது கதிர் படுவதுண்டு. அது இரண்டு ஆண்டு கழித்து இப்படிப் பசியைக் கெடுக்காது. அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே புற்றுநோய் மருத்துவரைப் பார்க்க நேரம் கேளுங்கள். பழைய திசுப் பரிசோதனை அறிக்கையில் 'லோபுலர்' (பால் சுரப்பிகளில் தொடங்கும் வகை) என்று இருந்தால் அதை எடுத்துச் சொல்லுங்கள். அந்த வகை அரிதாகத் திரும்பும்போது இரைப்பையிலும் வயிற்று உறையிலும் வர இடமுண்டு. கட்டியாகத் திரளாமல் பரவலாக இருப்பதால் ஸ்கேனில் தவறிப்போகவும் கூடும், குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி தேவைப்படலாம். வேறு சாதாரணக் காரணமாகவும் இருக்கலாம், வயிற்றுப் புண்ணுக்கும் இதே அடையாளம்தான். போகும்போது மூன்று மாத எடைக் குறிப்பையும், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரை உறைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். இதற்கிடையே ரத்த வாந்தியோ, தார்போன்ற மலமோ, மயக்கமோ வந்தால் உடனே ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள்.