கட்டுப்பாடுகள் சலித்துவிட்டன, டாக்டர்

கேள்வி: எனக்கு 44 வயது. வீட்டில் கணவர், எட்டாம் வகுப்புப் படிக்கும் மகன், சர்க்கரை நோயுள்ள 74 வயது மாமியார். இரண்டு வருடமாக மாஸ்க் போடு, கை கழுவு, அங்கே போகாதே என்று எல்லோரையும் விரட்டிக்கொண்டே இருக்கிறேன். ஜனவரியில் மறுபடியும் இரவு ஊரடங்கு, ஞாயிறு ஊரடங்கு என்று ஆரம்பித்ததும் ‘போதும்டா சாமி’ என்றாகிவிட்டது. கொரோனா செய்தி வந்தால் டிவியை அணைத்துவிடுகிறேன். காலையில் எழும்போதே அசதி. வாங்கி வந்த காய்கறியைக் கழுவிக் காயவைக்கும்போது காரணமில்லாமல் அழுகை வருகிறது. மாசியில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். போகவேண்டும், நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடவேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. மாமியாரை நினைத்தால் அந்த ஆசையே தப்போ என்று தோன்றுகிறது. இது ஏதாவது நோயா? பழைய வாழ்க்கை எப்போது திரும்பும்?
– வாசகி, கும்பகோணம் (பிப்ரவரி 2022)

பதில்: கல்யாணத்துக்குப் போய் வாருங்கள். எப்படிப் போவது என்பதைப் பிறகு சொல்கிறேன். போகலாமா கூடாதா என்ற குழப்பத்திலேயே நீங்கள் பாதி களைத்துப் போயிருக்கிறீர்கள், அதனால் அதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

உங்கள் சலிப்பு நோய் இல்லை. 2020 அக்டோபரிலேயே உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் இதைப் பற்றித் தனியாகப் பேசத் தொடங்கிவிட்டது. ஆபத்து மாதக்கணக்கில் நீண்டால் மக்கள் சலித்துப்போவது இயல்புதான் என்றார்கள். பயம் என்பது பாம்பைக் கண்டதும் விலகி ஓடுவதற்காக உடம்பில் இருக்கும் ஏற்பாடு. அதை வருடக்கணக்கில் விழித்தே வைத்திருக்க முடியாது.

நூறு வருடத்துக்கு முன்பும் இதே கதைதான். 1918 இன்ஃப்ளுயன்சாவின்போது அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் மாஸ்க் கட்டாயம் என்று சட்டம் போட்டார்கள். நவம்பர் 21 நண்பகலில் அதை விலக்கியதும் மக்கள் தெருவில் நின்று மாஸ்க்கைக் கழற்றி வீசிக் கொண்டாடினார்கள். காய்ச்சல் மறுபடி ஏறியது. 1919 ஜனவரியில் சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தபோது அதை எதிர்ப்பதற்கென்றே ஒரு சங்கம் முளைத்தது. முதல் தடவை கட்டுப்பட்டவர்களில் பலர் இரண்டாம் தடவை முரண்டு பிடித்தார்கள். உங்களுக்கு 2020 மார்ச்சில் வராத எரிச்சல் இந்த ஜனவரியில் வந்ததும் அப்படித்தான்.

எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. எல்லா விதிகளும் ஒரே அளவு பயன் தருபவை அல்ல, மக்களுக்கும் அது புரிகிறது. ஞாயிறு முழு ஊரடங்கு என்றால் சனிக்கிழமை சாயங்காலம் மீன்கடையில் நிற்க இடமில்லை. இரவு பத்து மணிக்கு மேல் காலியாகக் கிடக்கும் தெருவை அடைத்து என்ன ஆகப்போகிறது? என் அபிப்பிராயத்தைக் கேட்டால், காரணம் விளங்காத விதிகள் நல்ல விதிகளின் மரியாதையையும் சேர்த்துக் கெடுத்துவிட்டன. உங்கள் வீட்டிலும் அதுதான் நடக்கிறது. பத்து விதிகளையும் ஒரே கண்டிப்போடு நடத்தப் பார்க்கிறீர்கள். பாதியை விட்டுவிடலாம்.

முதலில் அந்தக் காய்கறி. சமைப்பதற்கு முன் சாதாரணமாகக் கழுவுவீர்களே, அது போதும். பால் பாக்கெட்டைத் துடைப்பது, கொரியரில் வந்த பெட்டியை வாசலில் ஒரு நாள் போட்டுவைப்பது, கதவுக்குச் சானிடைசர் அடிப்பது எதுவும் வேண்டாம். 2020 ஆரம்பத்தில் நாங்களே சொன்னதுதான், அப்போது தெரிந்தது அவ்வளவு. தொற்றுள்ள ஒரு பரப்பைத் தொடுவதால் நோய் வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் சொல்லிவிட்டது. ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்கு இதம், வைரஸைக் கொல்லாது. கொதிக்கும் தண்ணீரைக் காலில் கொட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு நான் மருந்து போட்டிருக்கிறேன். அதையும் விடுங்கள்.

விடக்கூடாதது காற்று. இந்த வைரஸ் பீடிப் புகை போலத்தான் பரவுகிறது. திறந்த வெளியில் கலைந்து போய்விடும், ஜன்னல் சாத்திய அறையில் தங்கி நிற்கும். ஆகவே வீட்டில் ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். ஏசி பஸ், மருத்துவமனை, கூட்டமான கடை போன்ற இடங்களில் துணி மாஸ்க்கை ஒதுக்கிவிட்டு, முகத்தோடு ஒட்டி நிற்கும் என்-95 போடுங்கள். மகன் மாலையில் மைதானத்தில் விளையாடட்டும். இந்த இரண்டு வருடத்தில் அந்த வயதுப் பிள்ளைகள் இழந்தது கொஞ்சநஞ்சமல்ல. பள்ளி நவம்பரில் திறந்து, ஜனவரியில் மூடி, இந்த மாதம்தான் மறுபடி திறந்திருக்கிறது.

அடுத்தது தடுப்பூசி. மாமியார் போன வருடம் மே முதல் வாரத்துக்குள் இரண்டாவது ஊசி போட்டிருந்தால் 39 வாரம் முடிந்திருக்கும், மூன்றாவது ஊசிக்கு இப்போது அவ்வளவு இடைவெளி வேண்டும். அறுபது வயதைக் கடந்த, இணைநோய் உள்ளவர்களுக்கு ஜனவரி 10 முதல் மூன்றாவது ஊசி போடுகிறார்கள். முதல் இரண்டும் எந்தத் தடுப்பூசியோ அதையேதான் இதற்கும் தருவார்கள்.

இப்போது கல்யாணம். மாமியார் முகூர்த்தத்துக்கு வரட்டும். கதவு, ஜன்னல் திறந்திருக்கும் பக்கமாக மாஸ்க்கோடு உட்காரட்டும். கூட்டம் சேரும் முன் முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடலாம். முந்தைய நாள் ரிசப்ஷனுக்கு அவர் வேண்டாம். ஏசி ஹாலில் போட்டோவுக்காக ஒரு மணி நேரம் வரிசையில் நிற்பது அவருக்கும் சுகமில்லை. நீங்கள் இரண்டுக்கும் போங்கள், உட்கார்ந்து சாப்பிடுங்கள். அண்ணனிடம் மட்டும் ஒன்று சொல்லிவையுங்கள்: சளி, காய்ச்சல் இருப்பவர்கள் வராவிட்டால் மனத்தாங்கல் இல்லை என்று சொந்தக்காரர்களுக்கு முன்கூட்டியே போன் போட்டுவிடட்டும். நம் ஊரில் உடம்பு முடியாமலும் தலையைக் காட்டிவிட்டுப் போவது அந்த மனத்தாங்கலுக்குப் பயந்துதான்.

ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு வாரத்துக்குள் உங்களில் யாருக்காவது தொண்டை கரகரத்தால் அவர் தனி அறைக்குப் போய்விட்டுப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். மாமியாருக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் வீட்டில் வைத்துப் பார்க்காமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே போனால் நேராக மருத்துவமனைதான்.

எனக்குக் கவலை தருவது உங்கள் அசதி. அதை ஊரடங்கின் கணக்கில் எழுதிவிட்டு நான் நகர முடியாது. ஜனவரியில் உங்களுக்கு இரண்டு நாள் சளி, உடம்புவலி ஏதாவது வந்து போனதா? அப்படியென்றால் கொரோனாவுக்குப் பின் வரும் சோர்வாக இருக்கலாம், வாரக்கணக்கில் நீடிக்கும். உங்கள் வயதில் ரத்தசோகையும் தைராய்டு குறைவும் சகஜம். ஹீமோகுளோபின், டிஎஸ்எச் (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை), சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள். மாதவிலக்கு ஒழுங்கு தவறியிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அழுகையைப் பற்றி. காய்கறிக் கூடையோடு நின்றுபோகும் அழுகை என்றால், கூடையைக் கழுவுவதை நிறுத்தினாலே பாதி சரியாகும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாகத் தினமும் மனம் கனத்துக் கிடந்தாலோ, பிடித்தமானது எதிலும் ஒட்டாமல் போனாலோ, விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து தூக்கம் திரும்பாவிட்டாலோ அது மனச்சோர்வாக இருக்கலாம். மருந்தும் ஆலோசனையும் உள்ள நோய். கல்யாணத்துக்கு இவ்வளவு ஆசைப்படுகிறீர்கள் என்பதே எனக்கு ஓரளவு நிம்மதி தருகிறது. எப்போதாவது வாழவே வேண்டாம் என்று தோன்றினால், அந்த நிமிடமே வீட்டில் யாரிடமாவது சொல்லிவிட்டு 104 மருத்துவ உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

பழைய வாழ்க்கைக்குத் தேதி குறிக்க என்னால் முடியாது. தமிழ்நாட்டில் ஜனவரி நான்காம் வாரத்தில் ஒரு நாள் தொற்று 30,000-ஐத் தாண்டியது. போன மே மாத உச்சத்துக்கு ஏறக்குறைய அருகில். ஆனால் மே மாதத்தில் படுக்கை தேடி ஆம்புலன்சிலேயே காத்துக் கிடந்த நிலை இந்த முறை வரவில்லை. தடுப்பூசியும், ஏற்கெனவே பலருக்கு நோய் வந்து போனதும் முக்கியக் காரணங்கள். புது உருமாற்றம் ஏதாவது வந்தால் மறுபடி சில வாரம் மாஸ்க் போட வேண்டியிருக்கும், அவ்வளவுக்குத் தயாராக இருங்கள்.

கடைசியாக ஒன்று. வீட்டுக்குப் போலீஸ் வேலை பார்ப்பது ஏன் நீங்கள் ஒருவராகவே இருக்கிறீர்கள்? இந்தப் பதிலை உங்கள் கணவரிடம் படிக்கக் கொடுங்கள். இந்த வாரமே அவருடைய அம்மாவை ஊசி போட ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவர் அழைத்துப் போகட்டும், ஆதார் அட்டையை மறக்காமல்.